பிரேக்கில் எண்ணெய் ஊற்றியவள்

என் கொழுந்தனுக்குத் தமிழ் வாசிக்க வராது. மட்டாஞ்சேரியில் பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அதனால் இதை அவனாக வாசிக்க மாட்டான். யாராவது அவனுக்கு வாசித்துக் காட்டினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. பாதியில் நிறுத்திவிடாமல் முழுவதையும் வாசித்துக் காட்டட்டும், அவ்வளவுதான்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். வீட்டு ஜன்னல் வழியாகத் தோசை மாவு விற்பவள். ஜன்னல் எனக்கு வசதி. பாத்திரம் உள்ளே வரும், மாவு வெளியே போகும், முகம் காட்ட வேண்டியதில்லை. நாலு பேர் கூடி நிற்கிற இடத்தில் எனக்கு நாக்கு எழும்பாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். என் கொழுந்தன் நம்பியிருந்ததும் அதைத்தான்.

என் வீட்டுக்காரர் எனக்கு விட்டுப்போனது ஒரு படகு ட்ரெய்லர். இரண்டு சக்கரம், நீளமான இரும்புச் சட்டம், மேலே படகு உட்காருவதற்கு மரத் தாங்கிகள். எங்கள் பக்கத்துச் சந்துகளில் ஃபைபர் படகு செய்யும் கொட்டகைகள் உண்டு. படகு செய்து முடிந்ததும் தண்ணீருக்குக் கொண்டுபோக வேண்டும். ட்ரெய்லர் எங்களுடையது, இழுக்கிற ஜீப் கொழுந்தனுடையது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து அந்த வேலையைச் செய்து வந்தார்கள்.

கடவு என்று நாங்கள் சொல்வது, சந்தின் கடைசியில் காயலின் உப்புத் தண்ணீருக்குள் இறங்குகிற கல் பாவிய சரிவை. அந்தச் சந்தில் ஜீப் திரும்பாது. அதனால் சந்தின் வாயிலேயே ஜீப்பைக் கழற்றிவிட்டு, படகோடு ட்ரெய்லரை ஆட்கள் கயிறு பிடித்து இறக்குவார்கள். ஒருத்தர் ட்ரெய்லரின் கைப்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார். கொஞ்சம் விடுவார், கொஞ்சம் பிடிப்பார். கயிறு பேருக்குத்தான். பிரேக் பிடிக்கவில்லை என்றால் அந்தப் பாரத்தை எத்தனை கைகளாலும் நிறுத்த முடியாது.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பிரேக்கில் வேலை செய்த பிறகு முதல் தடவை வண்டியை இறக்கும்போது, பிரேக் சரியாக இருக்கிறது என்று யார் சொன்னாரோ அவர் கீழே, தண்ணீர் ஓரத்தில், வண்டிக்கு நேர் எதிராக நிற்க வேண்டும். சரிவின் பாதியில் கயிற்றைத் தளர்த்திவிட்டுப் பிரேக்கை இழுப்பார்கள். வண்டி நின்றால் பிரேக் சரி. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். கேட்டால், "நான் போட்ட பிரேக்க நானே நம்பலன்னா வேற எவன் நம்புவான்" என்பார்.

அவர் இறந்துபோன பிறகு கொழுந்தன் வேலையைத் தொடர்ந்தான். எனக்கு ஒரு பங்கு தந்தான். தந்ததை வாங்கிக்கொண்டேன், கேள்வி கேட்டதில்லை. ஒரு மழைக்காலம் முடிந்து வந்து, "மைனி, பிரேக் ஷூ தேஞ்சு போச்சு. எர்ணாகுளத்துலேருந்து புதுசு வாங்கிப் போடணும்" என்றான். மாவு விற்ற காசை எடுத்துக் கொடுத்தேன். சக்கரத்துக்குள் டிரம் என்று ஒரு இரும்புக் கிண்ணம் உண்டு. அதன் உள்சுவரில் போய் அழுத்துகிற பிறை வடிவத் துண்டுதான் ஷூ. ஷூவின் முதுகில் லைனிங் என்ற பட்டை இருக்கும். தேய்வது அந்தப் பட்டைதான். இதெல்லாம் கல்யாணமான நாளிலிருந்து காதில் விழுந்த பேச்சு. சோறு போடும்போது அவர் வேறு எதைப் பேசுவார்?

"புதுசு போட்டாச்சு மைனி, நீங்க ஒண்ணும் விஷமிக்காதீங்க" என்று வந்து சொன்னான். நானும் விஷமிக்கவில்லை. கவலைப்படுவதைத்தான் எங்கள் ஊர்த் தமிழில் அப்படிச் சொல்வோம்.

ஆயுத பூஜை வந்தது. ட்ரெய்லரைக் கழுவி, சக்கரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பூஜைக்குப் பிறகு முதல் வேலை என்பதால், மறுநாள் சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டு நானே கடவுக்குப் போனேன். பழத்தை வைத்துவிட்டு ஓரமாகச் சுவரையொட்டி நின்றேன். புது ஷூ போட்ட பிறகு முதல் இறக்கம் அது. கொழுந்தன் கீழே போய் நிற்பான் என்று பார்த்தேன். அவன் மேலே சாயாக் கடை நிழலில் நின்றுகொண்டு, இடுப்பில் கை வைத்து, "நடுவு வேதன. நீங்க எறக்குங்க" என்றான். நடு முதுகில் வலி என்று அர்த்தம்.

பாதிச் சரிவில் ஆட்கள் கயிற்றைத் தளர்த்தினார்கள். பிரேக் பிடிப்பவர் இழுத்தார். கைப்பிடி முழுவதும் பின்னால் வந்தது, வண்டி நிற்கவில்லை. படகோடு போய்க் கடவின் பக்கச் சுவரில் மோதியது. படகின் பின்பக்கம் ஓலைப்பெட்டி நசுங்குவதுபோல நசுங்கியது. கீழே யாரும் நிற்காததால் உயிர் ஒன்றும் போகவில்லை.

எல்லோரும் ஓடினார்கள். படகுக் கொட்டகை முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் கொழுந்தன் மேலேயிருந்து இறங்கி வந்தான். சக்கரத்தில் இருந்த சந்தனத்தைப் பார்த்தான். அடுத்து என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கடையில் சாமான் எடுக்கிறவன் எது கைக்கு எட்டும் என்று பார்ப்பானே, அப்படி ஒரு பார்வை.

"மைனி, பூஜைக்கு டிரம்முக்குள்ள எண்ணெ ஊத்துனீங்களா?" என்று சத்தமாகக் கேட்டான்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"நான் புது ஷூ போட்டிருக்கேன் முதலாளி. இவங்க ஆயுத பூஜைன்னு சொல்லி அருவாமணை, அம்மிக்கல்லு, ஆட்டுரல் எல்லாத்துக்கும் எண்ணெ போடுவாங்க. பிரேக்குக்கும் ஊத்திட்டாங்க. பிரேக்ல எண்ணெ பட்டா புடிக்குமா? சொல்லுங்க."

ஒருத்தர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பூஜைக்கு எல்லாவற்றுக்கும் எண்ணெய் போடுகிற தமிழ் ஆட்கள்தானே நாங்கள். அப்படி ஒரு காரியத்தை எங்கள் வீடுகளில் எவளாவது செய்யக்கூடும் என்று யாரும் நம்புவார்கள். முதலாளிகூடப் படகை மறந்து ஒரு நிமிடம் சிரித்தார். "எந்தா சேச்சி, ஈ செய்தது!" என்றார்.

நான் ஊற்றவில்லை. பிரேக்குக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கை போகக்கூடாது என்று எங்கள் வீட்டில் பூனைக்குக்கூடத் தெரியும். சக்கரத்தைத் துடைக்கும்போதுகூடக் கையை அரப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தொடுவேன். இதை அங்கே சொல்லியிருக்க வேண்டும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாளே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். எண்ணச்சேச்சி. எண்ண என்றால் மலையாளத்தில் எண்ணெய், சேச்சி என்றால் அக்கா. நசுங்கிய படகின் போட்டோவும் பக்கத்தில் ஒரு நல்லெண்ணெய்க் குப்பியின் படமும் சேர்த்து, கொழுந்தன் போனில் ஸ்டேட்டஸ் வைத்தானாம். என் மகள்தான் சொன்னாள். ஜன்னலில் மாவு வாங்க வருகிறவர்கள், "மாவுல எண்ண இட்டோ சேச்சி?" என்று கேட்டுச் சிரித்தார்கள். ரேஷன் கடையில் வரிசையில் நின்றபோது முன்னால் நின்றவர் பின்னால் நின்றவரிடம் என்னைக் காட்டிக் கண்ணடித்தார். கோவிலில் விளக்குக்கு எண்ணெய் விடப் போனால் பூசாரியே உதட்டைக் கடித்துக்கொண்டார்.

இத்தனையும் ஆன பிறகு கொழுந்தன் வீட்டுக்கு வந்து, என் கையால் சாயா வாங்கிக் குடித்துக்கொண்டே சொன்னான்.

"மொதலாளி கோவத்துல இருக்காரு மைனி. நல்ல பிரேக் போட்டு, படக ஏத்தி, கடவுல வெச்சுக் காட்டினாத்தான் இனிமே வேலையாம். உங்களால முடியுமா அதெல்லாம்? ட்ரெய்லர இரும்பு வெலைக்கு எனக்குத் தந்துருங்க. நான் பாத்துக்கறேன்."

சாயா கிளாஸை அவன் கீழே வைத்தபோது எனக்குள் ஒன்று வந்து உட்கார்ந்தது. நான் கோபக்காரி இல்லை. ஆனால் அன்றைக்கு வந்தது கோபம் மாதிரிகூட இல்லை. அரிசி களைந்த தண்ணீர் மெல்லத் தெளிகிற மாதிரி இருந்தது. பிரேக் பிடிக்காமல் போனது தற்செயல் என்றால் இவன் ஏன் அன்று கீழே போய் நிற்கவில்லை? பிரேக் பிடிக்காது என்று அவனுக்கு முன்பே தெரியும்.

"தர்றதுக்கில்ல" என்றேன்.

"என்ன?"

"ட்ரெய்லர் தர்றதுக்கில்ல."

அவன் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சிரித்தான். "சரி மைனி, எண்ணெ மட்டும் ஊத்திராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் குடித்த கிளாஸை நான் மூன்று தடவை சாம்பல் போட்டுத் தேய்த்தேன்.

கொச்சங்காடியில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். மலையாளி, சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்திருப்பவர். என் கொழுந்தனுக்கும் அவருக்கும் ஆகாது. அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் அதுதான். மகளைவிட்டுப் போனில் பேசச் சொன்னேன். அந்த வாரமே வந்து ட்ரெய்லரைத் தன் பட்டறைக்கு இழுத்துப் போனார். நானும் கூடப் போனேன். டிரம்மைத் திறக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

சுத்தியலால் தட்டித் தட்டி டிரம்மைக் கழற்றினார். உள்ளேயிருந்து சிவப்புத் துருப்பொடி கொட்டியது. அவர் ஒரு விரலை உள்ளே விட்டுத் துடைத்து என்னிடம் காட்டினார்.

"எவிட அம்மே உங்க எண்ண? ஒரு துள்ளிகூட இல்ல. இது வெயில்ல வெச்ச வடகம் மாதிரி காஞ்சு கெடக்கு."

ஷூவின் மேலிருந்த லைனிங் பட்டையைத் தொட்டார். அது தொட்டதும் கையோடு வந்தது. பசை போட்டு ஒட்டிய பட்டை. உப்புத் தண்ணீரில் இறங்கி ஏறுகிற வண்டிக்கு ஒட்டின பட்டையே நிற்காது, இதைத் துருவைக்கூடச் சுரண்டாமல் அதன் மேலேயே ஒட்டியிருக்கிறது, முதல் இழுப்பிலேயே பெயர்ந்துவிடும் என்று அவர் சொன்னார். இழுக்கிற கம்பியும் சாதாரணக் கம்பி, உள்ளே இற்றுப்போயிருந்தது.

நான் ஷூவைக் கையில் வாங்கினேன். கறுப்புப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. அதன் ஓரத்தை நகத்தால் சுரண்டினேன். பெயின்ட் உரிந்த இடத்தில் மூன்று சின்னப் புள்ளிகள் தெரிந்தன. இடது சக்கரத்துக்கு இரண்டு புள்ளி, வலது சக்கரத்துக்கு மூன்று புள்ளி. மாற்றிப் போட்டுவிடாமல் இருக்க என் வீட்டுக்காரர் ஆணியால் தட்டி வைத்த அடையாளம்.

எர்ணாகுளத்துப் புது ஷூ. என் காசில் வாங்கியது. என் புருஷனுடைய பழைய ஷூவுக்கே பெயின்ட் அடித்து, மலிவுப் பட்டையை ஒட்டி, மறுபடி மாட்டியிருக்கிறான்.

அந்த உரிந்த பட்டைகளை மெக்கானிக் குப்பையில் போடப் போனார். வாங்கிக்கொண்டேன். அன்றைய செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டி, வீட்டில் கொண்டுபோய் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். எதற்கு என்று மகளிடம்கூடச் சொல்லவில்லை.

இனி புதுப் பிரேக் வாங்க வேண்டும். என்னிடம் இருந்தது பால்பொடி டப்பாவில் சேர்த்த மாவுக்காசு. முழு செட்டாக, துரு ஏறாத பூச்சுப் போட்டதாக, பார்சலில் வரவழைக்கலாம் என்று மெக்கானிக் முதலில் சொன்னார். விலையைச் சொன்னதும் நான் தரையைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்தது. "அப்ப நமக்கு எங்க காசு போடணும், எங்க பிடிக்கணும்னு பாக்கலாம்" என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்தது. நல்ல உளுந்துக்குக் காசு போட்டுவிட்டு அரிசியில் பிடிக்கிறவள்தானே நான்.

டிரம் நல்ல கனமான பழைய இரும்பு. லேத்தில் கொடுத்து உள்சுவரைக் கடைந்து வழவழப்பாக்கினால் போதும், புதிது வேண்டாம். ஷூவின் இரும்பும் அப்படியே. என் வீட்டுக்காரர் புள்ளி வைத்த ஷூ எதுவும் கெட்டுப்போகவில்லை. அதற்கு மேல் புதுப் பட்டை மட்டும் போட வேண்டும், ஒட்டாமல் செம்பு ரிவெட் வைத்து அடிக்க வேண்டும். மிச்சம் பிடிப்பது இங்கே. காசு போக வேண்டியது கம்பிக்கும் ஸ்பிரிங்குக்கும். பிரேக்கை விட்டதும் ஷூவைப் பின்னால் இழுப்பது ஸ்பிரிங்தான், துரு பிடித்து முதலில் அறுவதும் அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு இடப்பள்ளிக்குப் போனேன். அவள் அங்கே ஒரு மாலில் வேலை பார்க்கிறாள். பக்கத்தில் பெரிய ஸ்பேர் பார்ட்ஸ் கடை. உள்ளே ஏசி, கண்ணாடி அலமாரி. கவுண்டரில் டை கட்டிய ஒருவர். நான் மகளின் முதுகுக்குப் பின்னால் நின்று பட்டை ஒட்டுவதா, ரிவெட் அடிப்பதா என்று அவள் காதில் கேட்டேன், அவள் மலையாளத்தில் உரக்கக் கேட்டாள்.

"அம்ம சோதிக்குன்னு, இது ஒட்டிச்சதோ, அடிச்சதோ?"

அவர் எட்டி என்னைப் பார்த்தார். "அம்மச்சிக்கு வண்டி உண்டோ? ஏதா மாடல்?"

"படகு ட்ரெய்லர்" என்று மகளின் காதில் சொன்னேன்.

"அம்மா, நீங்களே சொல்லுங்க. எனக்கு நாணமா இருக்கு. நான் என்ன ஸ்பீக்கரா?" என்றாள் மகள்.

கடைக்காரர் நல்ல மனிதர், சிரிப்பை அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினார். ஸ்பிரிங் மட்டும் அவரிடமே இரண்டு வகை இருந்தது. ஒன்று கண்ணாடி மாதிரி மின்னியது. இன்னொன்று மங்கலாக, விலை கூடுதலாக இருந்தது. இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கினேன். திரும்பும் வழியில் கொச்சங்காடிப் பழைய சாமான் கடையிலும் ஒன்று வாங்கினேன். மகள் கேட்டாள், "ஒண்ணொண்ணா வாங்கி என்ன அம்மா செய்யப் போறீங்க?"

வீட்டில் உப்புமாங்காய் பரணியில், அந்தப் பீங்கான் ஜாடியில், மாங்காய் தீர்ந்து உப்புத் தண்ணீர் மட்டும் மிச்சம் இருந்தது. மூன்று ஸ்பிரிங்கையும் நூலில் கட்டி அதற்குள் தொங்கவிட்டேன். பகலில் எடுத்து வெயிலில் வைப்பேன், மறுபடி உள்ளே விடுவேன். கடவில் வண்டி படுகிற பாடும் அதுதானே, நனைவதும் காய்வதும். ஒவ்வொரு தடவை மூடியைத் திறக்கும்போதும் கொழுந்தன் முகத்தை நினைத்துக்கொள்வேன். உண்மையைச் சொன்னால், அந்த நாட்கள் எனக்குச் சந்தோஷமாக இருந்தன.

பழைய சாமான் கடை ஸ்பிரிங் இரண்டாம் நாளே சிவந்தது. மின்னியது அந்த வாரக் கடைசியில் புள்ளி புள்ளியாகப் பழுத்தது. மங்கல் ஸ்பிரிங் போட்ட மாதிரியே இருந்தது. அந்த வகையே, சக்கரத்துக்கு இரண்டாக, நாலு ஷூவுக்கும் வாங்கினேன். அதே கடையில் புதுப் பட்டையும் துரு ஏறாத கம்பியும் வாங்கினேன். டப்பா காலியானது. மெக்கானிக் கூலியை முதல் வேலை கிடைத்த பிறகு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். "அன்னைக்கு உங்க கொழுந்தன் முகம் போற போக்கப் பாக்கறதே எனக்குக் கூலிதான்" என்றும் சொன்னார்.

ரிவெட் அடிக்கும்போது நானும் பட்டறையில் இருந்தேன். சுத்தியலை ஒரு தடவை கையில் வாங்கி நானும் ஒரு அடி அடித்தேன். யாரை நினைத்து அடித்தேன் என்று எழுதத் தேவையில்லை.

கடவில் வைத்துக் காட்டும் நாள் வந்தது. விஷயம் தெரிந்து பாதிச் சந்து கூடியிருந்தது. வேடிக்கை பார்க்கிற கூட்டம்தான். கொழுந்தனும் வந்திருந்தான், அதே சாயாக் கடை நிழலில் நின்றான். பழுது பார்த்த அதே படகைத்தான் முதலாளி ஏற்றியிருந்தார். "எண்ணச்சேச்சி வந்நு" என்று யாரோ சொன்னார்கள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன், துணிப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன்.

மெக்கானிக் பிக்கப்பைக் கழற்றிவிட்டு, "ஞான் தாழ நிக்காம்" என்று கடவின் கீழே நிற்கப் புறப்பட்டார்.

"வேண்டாம்" என்றேன். "நீங்க பிரேக்கப் பிடிங்க. சாமான் தேர்ந்தெடுத்தது நான். நான் நிக்கறேன்."

இவ்வளவு நீளமாக நான் வெளியில் பேசிக் கேட்டவர் அங்கே யாரும் இல்லை. முதலாளி, "சேச்சி, வேண்டா கேட்டோ, பிராயமாயதல்லே" என்று தடுத்தார். வயதானவள் என்பதைச் சொன்னார். நான் நிற்காமல் நடந்தேன். பாசி படிந்த கல்லில் கால் வழுக்காமல் இறங்கி, தண்ணீர் காலில் படுகிற இடத்தில் திரும்பி நின்றேன். மேலே படகு கறுப்பாகத் தெரிந்தது. அதன் வயிறு என் தலையைவிட உயரம். பயமாக இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்காகத்தானே அங்கே போய் நின்றேன்.

அங்கே நின்றபடிதான் கூப்பிட்டேன்.

"தம்பி!"

கொழுந்தன் நிமிர்ந்தான்.

"நீயும் வா. என் பக்கத்துல வந்து நில்லு. எண்ணெ ஊத்துன கை இதுதானே? வழுக்குனா ரெண்டு பேருக்கும் சேத்து வழுக்கட்டும்."

கூட்டத்தில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். முதலாளி திரும்பி, "செல்லெடா. விளிக்குன்னில்லே?" என்றார். கூப்பிடுகிறார்களே, போ என்று.

அவன் ஒரு அடி முன்னால் வைத்தான். படகைப் பார்த்தான், சக்கரத்தைப் பார்த்தான். கை தானாக இடுப்புக்குப் போனது.

"எனக்கு... நடுவு வேதன."

முதலாளி அவன் இடுப்பில் இருந்த கையைப் பார்த்தார். "அன்னும் நடுவு வேதன" என்றார் மெதுவாக. "இன்னும் நடுவு வேதன."

அன்றைக்கு அவன் எங்கே நின்றான் என்பது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொருவராக நினைவுக்கு வருவதை நான் கீழேயிருந்து முகம் முகமாகப் பார்த்தேன். அதற்குள் மெக்கானிக், "விட்டோ" என்றார். வண்டி என்னை நோக்கி இறங்கத் தொடங்கியது. கல்லில் சக்கரம் கரகரவென்று வந்தது. பாதியில் கயிறு தளர்ந்து தரையில் விழுந்தது. நான் கண்ணை மூடவில்லை. கொழுந்தனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரேக் ஒரு தடவை முனகியது, வண்டி நின்றது. ஒரு விரல் அகலம்கூட நகரவில்லை.

நான் மேலே ஏறி வந்தேன். துணிப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து முதலாளியிடம் கொடுத்தேன்.

"இதென்னா?"

"அன்னைக்கு டிரம்முக்குள்ள இருந்தது. திறந்த அன்னைக்கே பேப்பர்ல சுத்தி வெச்சேன். பிரிங்க."

பிரித்தார். காய்ந்த பட்டைகள். முதுகில் மஞ்சள் பசை.

"பேப்பர வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. ஒரு வடையச் சுத்துனாலே பேப்பர்ல கறை ஏறும். இத்தனை நாள் இருந்திருக்கு. எங்கயாவது எண்ணெக் கறை இருக்கா?"

முதலாளி செய்தித்தாளை உயர்த்தி வெயிலில் பிடித்தார். பின்னாலிருந்து நாலு தலைகள் எட்டிப் பார்த்தன. எழுத்தைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. அவர் அதை மடித்து, கொழுந்தன் நின்ற இடத்தைத் திரும்பிப் பார்த்தார். சாயாக் கடை நிழல் காலியாக இருந்தது. ஜீப் கிளம்புகிற சத்தம் மட்டும் கேட்டது.

அன்றிலிருந்து படகு வேலை என்னுடையது. பிக்கப் இழுக்கிறது, என் ட்ரெய்லர் சுமக்கிறது. ஒவ்வொரு தடவை தண்ணீரிலிருந்து ஏறியதும் நல்ல தண்ணீர்க் குழாயில் சக்கரத்தைக் கழுவிவிட்டுத்தான் மெக்கானிக் கொண்டுவந்து விடுவார், இல்லாவிட்டால் நான் வாங்கி வைக்க மாட்டேன். கொழுந்தனின் ஜீப்புக்குக் கொட்டகைகளில் இப்போது வேலை இல்லை. ஊர் அவனுக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டது. நடுவேதன. மீன் சந்தையில் அவன் போனால், "எங்ஙன உண்டு நடுவு?" என்று முதுகைப் பற்றிக் கேட்கிறார்களாம். கேட்கட்டும். எனக்கு ரேஷன் கடையில் கேட்டது போதும்.

அவன் பெண்டாட்டி ஒரு நாள் ஜன்னலுக்கு வந்தாள். "அக்கா, அவருக்கு மறுபடியும் ஒரு சான்ஸ் கொடுக்கக்கூடாதா? வீட்டுல இருந்து இருந்து சண்டதான்" என்றாள். அவள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. மாவை நிறைத்துக் கொடுத்து, காசு வாங்காமல் அனுப்பினேன். வேலையை மட்டும் கொடுக்கவில்லை. வயதானவள், மன்னித்துவிட்டிருக்கலாமே என்று மகள் இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டாள். மன்னிப்பு கேட்டு யாராவது வந்தால் அதைப் பற்றி யோசிக்கலாம். அவன் இன்னும் வரவில்லை.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. சக்கரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். கையைக் கழுவிவிட்டுத்தான் வைத்தேன். பொரியும் சுண்டலும் பொட்டலமாகக் கட்டிச் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் மகளிடம் கொடுத்தனுப்பினேன். கொழுந்தன் வீட்டுப் பொட்டலத்தோடு ஒரு சின்னக் குப்பி நல்லெண்ணெயும் வைத்தேன்.

"இது எதுக்கும்மா?" என்று மகள் கேட்டாள்.

"சித்தப்பாவுக்கு முதுகு வலியாச்சே" என்றேன். "காய்ச்சித் தேய்க்கச் சொல்லு."